துறவி எனப் பெயர் பெற்ற நண்டு

நாய்கள் பதினேழு, பூனைகள் ஒன்பது, ஒரு கிளி, ஒரு முயல், ஒரு நண்டு. 2018ஆம் ஆண்டு அக்டோபர் முதல் சனிக்கிழமை, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலக் கடற்கரையில் நாம் பணியாற்றிய பங்கின் ஆலய முற்றத்தில் ஆசி பெற வந்து நின்ற உயிர்களின் கணக்கு இது. அசிசியாரின் திருநாளை ஒட்டி, வீட்டில் வளர்க்கும் பிராணிகளை மந்திரிக்கும் வழக்கம் அந்நாட்டுப் பங்குகளில் பரவலாக உண்டு. பொங்கலை ஒட்டி மாடுகளை மந்திரித்துப் பழகிய நமக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. நண்டுதான் புதுமை.

வரிசையின் கடைசியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, கையளவுக் கம்பிக்கூண்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். உள்ளே மஞ்சள் வண்ணம் பூசிய சங்கு ஒன்று. அதன்மேல் சிரிக்கும் முகம் ஒன்று வரையப்பட்டிருந்தது. சங்கின் வாயிலிருந்து ஊதா நிறக் கொடுக்கு ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது.

“இதற்குப் பெயர் சன்னி. இது துறவி நண்டு, ஃபாதர். தனியாகத்தான் இருக்கும், உங்களைப்போல” என்றாள் அவள்.

அவளுடைய தாய் கூச்சத்தோடு மகளின் தோளைத் தொட்டார். நாம் சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளித்தோம். அத்தீர்த்தம் நகராட்சிக் குழாய்நீரில் மந்திரித்தது என்பதும், அந்நீரைத் தூய்மையாக்கச் சேர்க்கும் குளோரின் இச்சிற்றுயிருக்கு ஆகாது என்பதும் அன்று நமக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்துத் தாயும் மகளும் பங்கு இல்லத்துக்கு வந்தனர். குடும்பம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. பள்ளியாண்டு முடியும்வரை சிறுமி ஒஹாயோ மாநிலத்தில் பாட்டியிடம் இருக்க வேண்டும். பாட்டிக்கு ஊரும் உயிர் எதுவும் ஆகாது. “ஜூன் மாதம் பள்ளி விட்டதும் வந்து வாங்கிக்கொள்வேன், ஃபாதர்” என்று சொல்லி, கூண்டை நம் மேசைமேல் வைத்தாள் சிறுமி. ஆகட்டும் என்றோம். பங்குத்தந்தை ஒருவர் நாள்தோறும் யோசியாமல் சொல்லும் ஆகட்டும்களில் அதுவும் ஒன்று.

நாம் கடற்கரையில் பிறந்தவர்கள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளைச் சிறு வயதில் மணலில் வட்டம் போட்டு ஓடவிட்டு, எது முதலில் கோட்டைத் தாண்டும் என்று புளியங்கொட்டை பந்தயம் கட்டியிருக்கிறோம். விளையாட்டு முடிந்ததும் அவற்றை அலைப்பக்கம் வீசிவிட்டு வீட்டுக்குப் போவோம். எனவே நண்டை நாம் அறிவோம் என்ற எண்ணம் நமக்கு இருந்தது. எறிந்துவிட்டுப் போகிறவனுக்கும் வைத்துக் காப்பவனுக்கும் வேண்டிய அறிவு ஒன்றல்ல என்பது பிறகுதான் உறைத்தது.

கூண்டோடு சேர்ந்து கடையில் கொடுத்த துண்டுத்தாள் ஒன்று வந்தது. வளர்ப்பதற்கு மிக எளிய பிராணி என்று அதில் அச்சிட்டிருந்தது. ஈரப்பஞ்சு ஒன்று, உருண்டைத் தீனி கொஞ்சம், அடியில் ஒரு விரற்கடை வண்ணக்கல், இவையே போதுமாம். அவ்வாறே செய்தோம். குளிர்காலம் வந்தது. இல்லத்தின் வெப்பமூட்டி இரவும் பகலும் ஓடியது. சன்னி வரவர அசையாமல் ஆனது. ஓய்வெடுக்கிறது, பெயருக்கு ஏற்பத் தியானத்தில் இருக்கிறது என்று நாமே பொருள் சொல்லிக்கொண்டோம். பொருள் சொல்லுவது நம் தொழில் அல்லவா!

டிசம்பர் மாதத்தில் ஒருநாள், திருப்பலிக்கான கருத்து எழுதிக் கொடுக்க வந்த மூதாட்டி ஒருவர் கூண்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர்.

“ஃபாதர், இது ஓய்வெடுக்கவில்லை. மெல்ல மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கிறது.”

நிலத்தில் வாழ்ந்தாலும் இந்நண்டு செவுள்களால்தான் மூச்சு விடுகிறது. செவுள் ஈரமாக இருந்தால்தான் காற்றிலுள்ள உயிர்வளியை அது பெற முடியும். ஆகவே சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். மறுநாள் ஈரப்பத அளவி ஒன்றைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். அதன் முள் முப்பதுக்கும் கீழே நின்றது. இரண்டு மாதமாக நாம் மணியடித்துச் செபம் சொல்லி உணவருந்திய அறையிலேயே ஓர் உயிர் மூச்சுக்குத் தவித்திருக்கிறது.

அம்மூதாட்டியே தம் வீட்டிலிருந்த பழைய மீன்தொட்டியைக் கொடுத்தார். எழுபத்தைந்து லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. அதை நண்டு வீடாக மாற்றிய இரண்டு நாள்களை நாம் இன்றும் மகிழ்வோடு நினைத்துக்கொள்கிறோம். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னைநார்த் தூள் கலக்க வேண்டும். அத்தூள் கடையில் செங்கல்போல் இறுக்கிக் கட்டியாகக் கிடைக்கிறது. பொதியின்மேல் ‘இலங்கை’ என்று அச்சிட்டிருந்ததைக் கண்டபோது, பனி பெய்யும் ஊரில் உறவினர் ஒருவரைச் சந்தித்ததுபோல் இருந்தது. அதை நீரில் ஊறவைத்ததும் எழுந்த வாசம் நம்மைச் சிறிது நேரம் வேலை செய்யவிடவில்லை. கலவையை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் உருக்குலையாமல் நிற்க வேண்டும். நீர் சொட்டவும் கூடாது, உதிரவும் கூடாது. அது ஒரு சாண் ஆழத்துக்காவது இருக்க வேண்டும். ஏன் அவ்வளவு ஆழம் என்று கேட்டோம். “அது உங்களுக்குத் தெரியாமல் போய் மறைந்துகொள்ள இடம் வேண்டாமா?” என்றார்.

நீர்க்கிண்ணம் இரண்டு வேண்டும். ஒன்றில் நன்னீர், மற்றதில் உப்புநீர். தன் சங்குக்குள் சேமித்துச் சுமக்கும் நீரின் உப்பளவை இந்நண்டு இரண்டிலுமாக முங்கித் தானே சரிசெய்துகொள்ளும். சமையல் உப்பைக் கரைக்க முற்பட்ட நம்மை அவர் தடுத்தார். கடல்மீன் வளர்ப்போர் வாங்கும் கடலுப்புதான் ஏற்றதாம். குழாய்நீரிலிருந்து குளோரினை நீக்க மருந்துத்துளி சேர்க்க வேண்டும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமின், நீரை ஓரிரவு திறந்து வைத்தாலும் போகாது. தொட்டியின் வெப்பம் இருபத்தேழு பாகையை ஒட்டி இருந்தால் நலம். மேலே கண்ணாடி மூடி. தீனி உருண்டைகளைக் குப்பையில் போட்டோம். கெடாமலிருக்க அவற்றில் சேர்க்கும் சில மருந்துகள் நண்டினத்துக்கு நல்லவையல்ல என்பார்கள். உப்புப் போடாத மீன், வேகவைத்த முட்டை, பப்பாளி, தேங்காய்ச் சில், காய்ந்த இலை என நம் தட்டிலிருந்தே அதற்கும் பங்கு போயிற்று. ஓட்டுக்கு வலுவூட்டச் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்று கிளிக்கூண்டில் தொங்கவிடும் கணவாய் ஓட்டைக் கொண்டுவந்தார். நம் ஊர் நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டு வாங்கும் பொருள்தான் அது. இதைச் சொன்னதும் முதல் தடவையாக அவர் நம்மை மதிப்போடு பார்த்தார்.

“ஒன்றை மட்டும் வைத்திருக்கக் கூடாது, ஃபாதர். இவை கூட்டமாக வாழ்பவை” என்றும் சொன்னார்.

துறவி என்று பெயரிட்டிருக்கிறார்களே என்றோம். அது மக்கள் வைத்த பெயர். அறிவியல் பெயரைப் பாருங்கள் என்றார். பார்த்தோம். வியப்பு நம்மை விட்டு நீங்கச் சில நாள்களாயின. நிலத்தில் வாழும் இந்நண்டுகளின் பேரினத்துக்குச் சீனோபிட்டா என்று பெயர். பொதுவான வாழ்வு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது அது. தனியே பாலைவனம் சென்ற வனத்துறவியை அச்சொல் குறிப்பதில்லை. ஒரே கூரையின்கீழ் ஒரே ஒழுங்கில் கூடி வாழும் மடத்துத் துறவியையே குறிக்கும். நான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுப் புனித பக்கோமியார் தொடங்கிவைத்த வாழ்வுமுறை அது என்று குருமடத்தில் திருச்சபை வரலாற்றுத் தேர்வுக்குப் படித்து எழுதியிருக்கிறோம்.

1829இல் அப்பெயரை இட்டவர் பியேர் ஆந்த்ரே லத்ரேய் என்னும் பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர். அவரும் ஒரு குரு. 1786இல் குருப்பட்டம் பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, குருக்களிடம் அரசு கேட்ட உறுதிமொழியை அளிக்காததால் போர்தோ நகரில் சிறைப்பட்டார். சிறையின் தரையில் ஊர்ந்த சிறு வண்டு ஒன்றை அவர் கூர்ந்து ஆராய்வதைக் கைதிகளைப் பார்வையிட வந்த மருத்துவர் கண்டார். அரிதான வண்டு அது. அவ்வண்டு வெளியே இளம் இயற்கை ஆய்வாளர் ஒருவரின் கைக்குப் போக, அவ்வழியாகவே லத்ரேயின் விடுதலைக்கும் ஏற்பாடாயிற்று. உடனிருந்த கைதிகள் ஒரு மாதத்துக்குள் மாண்டுபோயினர் என்பது வரலாறு. அச்சிறையை அறிந்தவர், பின்னாளில் ஒரு நண்டுக்குக் கூட்டு வாழ்வின் பெயரைத் தேர்ந்தார் என்பதை எண்ணியபடி நாம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மறைமாவட்டக் குருக்கள் ஏதேனும் ஒரு வகையில் கூடி வாழ்வதைத் திருச்சபைச் சட்டம் 280ஆம் எண்ணில் மிகவும் பரிந்துரைக்கிறது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. நான்கு படுக்கையறைகள் கொண்ட அவ்வில்லத்தில் மூன்றின் கதவுகள் பூட்டியே கிடந்தன.

துணைக்குக் கடையில் போய் வாங்கலாகாது என்று ஆசிரியர் தடுத்தார். காரணம் உண்டு. தாய்நண்டு முட்டைகளைக் கடல்நீரில் விடுகிறது. குஞ்சுகள் அலைகளில் மிதந்து, பலமுறை உருமாறி, சின்னஞ்சிறு சங்கு ஒன்றைத் தேடிக்கொண்டு கரையேறுகின்றன. இவ்வளவையும் தொட்டியில் நடத்திக்காட்ட ஆர்வலர் மிகச் சிலருக்கே அண்மை ஆண்டுகளில் முடிந்திருக்கிறது. ஆகவே கடையில் விற்கும் நண்டு ஏறத்தாழ ஒவ்வொன்றும் கரீபியக் கடற்கரை போன்ற ஓரிடத்திலிருந்து பிடித்து வரப்பட்டதே. கடற்கரைப் பலகைநடையில் கோடைக்காலத்தில் விற்கும் அந்த வண்ணச் சங்குகளுக்குள் அவற்றை வற்புறுத்திக் குடியேற்றுவதும் உண்டு. முப்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய அவ்வுயிர்களுள் பல, வாங்கிய ஆண்டைத் தாண்டுவதில்லை. கோடை முடிந்ததும் சலித்துக் கைவிட்டவர்களிடமிருந்து இரண்டு நண்டுகளை ஆசிரியரே பெற்றுவந்து நம் தொட்டியில் விட்டார்.

அதன்பின் இல்லத்தின் இரவுகள் மாறின. இவை இரவில் நடமாடுபவை. விளக்கணைத்துப் படுத்தால் சங்குகள் கண்ணாடியில் உரசும் ஓசை, கிண்ணத்தில் இறங்கும் ஓசை, தவளைக்குரலைச் சிறிதாக்கியதுபோன்ற சிணுங்கல்கூடக் கேட்கும். சண்டையும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தள்ளி, பின் ஒரே மரப்பட்டையின்கீழ் மூன்றும் குவிந்து உறங்கும்.

சன்னிக்காகப் பூச்சில்லாத சங்குகள் ஐந்தாறு வாங்கி மணலில் பரப்பியிருந்தோம். வண்ணம் உரிந்து உணவோடு உள்ளே போகக்கூடும் என்பதால் மஞ்சள் சங்கை விட்டு அது வெளியேற வேண்டும் என்று விரும்பினோம். அது வெளியேறவில்லை. புதுச் சங்கு ஒவ்வொன்றையும் புரட்டும். கொடுக்கை உள்ளே விட்டு அளக்கும். பிறகு பேசாமல் போய்விடும். ஜனவரியில் ஒரு விடியற்காலை, காலைச் செபத்துக்கு எழுந்து விளக்கைப் போட்ட அதே நொடியில் அது மஞ்சள் சங்கைவிட்டு வெளியே வந்தது. ஓடில்லாத அதன் பின்னுடல் இளஞ்சிவப்பாக, சுருண்டு, பிறந்த குழந்தையின் விரல்போல் மெத்தென்றிருந்தது. ஓரிரு நொடிகளில் புதுச் சங்குக்குள் புகுந்துவிட்டது. நாம் நம்மையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். காவலில்லாத உடலைப் பார்க்க நமக்கு உரிமையில்லை என்ற உணர்வு அது.

வெறுஞ்சங்கை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தோம்.

மார்ச் மாதம் இருபதாம் நாள் சன்னி மணலுக்குள் இறங்கியது. ஒரு சாண் ஆழத்தின் காரணம் அப்போது விளங்கியது. வளரும் உடலுக்கு மேல்தோல் போதாமல் போகும்போது நண்டு தோலுரிக்க வேண்டும். நிலத்துக்கடியில் குகைபோல் ஒன்றைச் செய்துகொண்டு, பழைய தோலிலிருந்து வெளியேறி, அதையே தின்று சுண்ணாம்பைத் திரும்பப் பெற்று, புதுத்தோல் இறுகும்வரை இருளில் கிடக்கும். வாரக்கணக்கிலும் ஆகும்; மாதக்கணக்கிலும் ஆகும். அப்போது அது செத்ததுபோலவே தோன்றும். செத்தது என்று எண்ணி வளர்ப்போர் பலர் உயிருள்ள நண்டையே குப்பையில் எறிந்துவிடுவதுண்டு. “எது நேர்ந்தாலும் தோண்டாதீர்கள், ஃபாதர். அழுகிய மீன்நாற்றம் வந்தாலொழியத் தோண்டாதீர்கள்” என்று ஆசிரியர் நம்மிடம் இருமுறை சொன்னார்.

நான்கு வாரம் பொறுத்தோம். ஐந்தாம் வாரம் தொட்டியருகே போகும் போதெல்லாம் குனிந்து முகர்ந்தோம். ஆறாம் வாரத்தில் நாற்றம் இருப்பதாகவும் தோன்றியது, இல்லையென்றும் தோன்றியது. ஆசிரியர் மகனைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலும், நோயுற்றோரைச் சந்திப்பதும், கதவைத் தட்டி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதுமே நம் பணி. ஒரு கதவைத் தட்டாமல் இருப்பதையும் அக்கறை என்று கொள்ள நாம் பழகியிருக்கவில்லை. நாற்பத்து மூன்றாம் நாள் இரவு, உணவறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துவந்தோம்.

மெல்லத்தான் தோண்டினோம். ஆயினும் குகையின் கூரை இடிந்தது. சங்குக்கு வெளியே பாதி உடல் கிடந்தது. புதுத்தோல் நனைந்த தாள்போல் வெளுத்திருந்தது. ஒரு கால் நம் கரண்டிப் பட்டே ஒடிந்திருந்தது. பழைய தோல் பக்கத்தில் இன்னும் தின்னப்படாமல் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் உணர்கொம்பு ஒன்று அசைந்தது. அது உயிரோடுதான் இருந்தது; நலமாகவே இருந்தது, நாம் வரும்வரை.

ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, செய்ய வேண்டியவற்றை மட்டும் சொன்னார். ஈரமணல் இட்ட தனிப்பெட்டியில், அதன் சங்கையும் பழைய தோலையும் அருகில் வைத்து இருட்டாக மூடி வைத்தோம். மூன்றாம் நாள் உண்மையாகவே நாற்றம் வந்தது. இம்முறை ஐயத்துக்கு இடமில்லை. ஆலயத் தோட்டத்தில் அதைப் புதைத்தோம். சங்கைக் கொதிநீரில் இட்டுத் தொட்டியில் திரும்ப வைக்கச் சொன்னார் ஆசிரியர். வைத்தோம். மறுநாள் காலை, இரண்டில் பெரிய நண்டு அதற்குள் குடியேறியிருந்தது. முதலில் நமக்கு அருவருப்பே தோன்றியது. பின்னர்தான் படித்தோம். நில நண்டுகள் சங்கின் உட்புறத்தைக் குடைந்து விரிவாக்குகின்றன. அப்படிச் செப்பனிட்ட சங்குகள் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகின்றன. அவை கூடி வாழ்வதற்கே இது பெருங்காரணம் என்று கோஸ்டாரிக்காக் கடற்கரையில் ஆராய்ந்த மார்க் லைட்ரே என்னும் உயிரியலார் 2012இல் எழுதியிருக்கிறார். இறந்த நண்டின் வாடை மற்றவற்றை விரட்டுவதில்லை, அழைக்கிறது.

ஜூன் வந்தது. அலமாரியில் மஞ்சள் சங்கு இருந்தது. சிறுமி சன்னியை அறிந்திருந்தது அந்தச் சிரிக்கும் முகத்தால்தான். மற்ற இரண்டில் சிறியது ஏறத்தாழ சன்னியின் அளவே. மஞ்சள் சங்கைத் தொட்டியில் வைத்தால் ஒருவேளை அதுவே உள்ளே போகக்கூடும். பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருந்தாலே போதும். இந்த எண்ணத்தோடு நாம் இரண்டு நாள் வாழ்ந்தோம் என்பதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. ஒருமுறை சங்கைக் கையில் எடுத்துத் தொட்டி மூடியைக்கூடத் திறந்தோம். குருமடத்தில் கற்ற அறநெறி இறையியலில் இதற்கு உதவியாகச் சில நுட்பமான வேறுபாடுகளும் நினைவுக்கு வந்தன.

மாதக்கடைசியில் அவள் வந்தாள். உயரமாகியிருந்தாள். தாய் வாயிலில் காரிலேயே இருந்தார். நாம் மஞ்சள் சங்கை அவள் கையில் கொடுத்து, நடந்ததைக் கரண்டி முதலாகச் சொன்னோம்.

அவள் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எத்தனை நாள் ஆகியிருந்தது?” என்று கேட்டாள்.

“நாற்பத்து மூன்று.”

“சன்னிக்கு முன்னால் எனக்கு இன்னொன்று இருந்தது, ஃபாதர். அதையும் நான் எடுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள். அது தானாகச் செத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.”

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் பதில் எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்து, சன்னி கடைசியாக இருந்த சங்கு எது என்று கேட்டாள். காட்டினோம். அப்பெரிய நண்டு அதைச் சுமந்துகொண்டு உப்புநீர்க் கிண்ணத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கு கண்ணாடியில் படுமளவு குனிந்து அவள் அதையே பார்த்திருந்தாள். ஆகஸ்டு இறுதியில் மறுபடியும் பாட்டியிடம் போக வேண்டும், இவற்றை இங்கேயே வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றோம், இம்முறை யோசித்தே சொன்னோம்.

போகுமுன் நம் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதித் தொட்டியின் முகப்பில் ஒட்டினாள்: ‘தோண்டக் கூடாது. ஃபாதரும்தான்.’

2021இல் நாம் தாயகம் திரும்பியபோது தொட்டியையும் நண்டுகளையும் ஆசிரியரிடம் ஒப்படைத்தோம். இரண்டில் ஒன்று அப்போது மணலுக்கடியில் இருந்தது. எனவே மண்ணைக் கலைக்காமல், நால்வர் சேர்ந்து, தொட்டியை அப்படியே தூக்கிச் சென்றோம். அட்டையில் உள்ள ஃபாதர் என்னும் சொல்லை அடித்துவிட்டுத் தம் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார் ஆசிரியர். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றோம்.